சூரிச் ஏரியின் அடி என் கடையில் இருக்கிறது, எங்கள் வாவியின் அடி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மட்டக்களப்பு வாவியைப் பற்றி உங்கள் பத்திரிகைக்கு நிறையப் பேர் எழுதுகிறார்கள். ஆற்றுவாழை, குப்பை, கரையோரத்தை மண் போட்டு நிரப்பி மதில் கட்டுவது, மாரி வந்தால் வாவி கடலோடு சேருகிற முகத்துவாரத்தை வெட்டித் திறப்பதா பொறுப்பதா என்ற இழுபறி, எல்லாம் வந்துவிட்டன. நான் எழுத வந்தது தண்ணீருக்குக் கீழே இருக்கிற தரையைப் பற்றி. 56 கிலோமீற்றர் நீளம் என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கிய அந்த வாவி எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்று நீங்களும் நானும் எடுத்துப் பார்க்கக்கூடிய மாதிரி ஒரு கணக்கு, நான் தேடிய இடமெல்லாம் இல்லை. அதை அளக்க வேண்டும், அளந்ததை எல்லோரும் கையால் தடவிப் பார்க்கிற மாதிரி ஒரு முப்பரிமாண வரைபடமாகச் செய்து நகரத்தில் ஒரு பொது இடத்தில் வைக்க வேண்டும். இதுதான் விஷயம். மீதியெல்லாம் ஏன், எப்படி என்பதுதான், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆரையம்பதிப் பக்கம் பெயர்ப்பலகைக் கடை நடத்துகிறவன். லேசரில் வெட்டுகிற இயந்திரம் ஒன்று இருக்கிறது. கடைப் பலகை, கோயில் உபயகாரர் பலகை, கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை பெண் பெயர், இவைதான் சோறு போடுகிற வேலை. சுவிஸில் இருக்கிற மச்சான் ஒருவர், அங்கே ஏரிகளைப் பலகையில் அடுக்கடுக்காக வெட்டிச் சுவரில் மாட்ட விற்கிறார்கள், விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது, நீ சூரிச் ஏரியை வெட்டி அனுப்பு பார்ப்போம் என்று கேட்டார். சரி என்று தொடங்கினேன். அந்த நாட்டு நில அளவை அலுவலகம், சுவிஸ்டோப்போ என்று பெயர், 2021 மார்ச்சிலிருந்து தன்னுடைய தரவுகளை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுக்கலாம் என்று திறந்து விட்டிருக்கிறது. மலை மட்டுமில்லை, ஏரிகளின் அடியும் அதில் இருக்கிறது. கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் அதைத் திறந்து, 20 மீற்றருக்கு ஒரு சமவுயரக் கோடு, அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களைச் சேர்க்கிற கோடு, போடச் சொன்னால் போட்டுத் தருகிறது, ஒவ்வொரு கோடும் ஒரு பலகையின் வெட்டு, வெட்டி ஒன்றின் மேல் ஒன்று ஒட்டினால் ஏரி வந்துவிடும். சூரிச் ஏரியின் ஆழம் 130 மீற்றரைத் தாண்டும், ஏழு பலகை போதும். வெள்ளையிலிருந்து கடும் நீலம் வரை பெயின்ற் அடித்து அனுப்பினேன். நான் அந்த ஏரியைக் கண்ணாலும் கண்டதில்லை, ஆனால் அதன் அடி எங்கே சரிகிறது எங்கே மேடாக எழும்புகிறது என்று இப்போது எனக்குத் தெரியும்.

அடுத்து அவர் கேட்டது நீங்கள் நினைக்கிறதுதான். "மச்சான், நம்மட வாவியையும் இப்படி ஒண்டு வெட்டித் தா."

அங்கேதான் சிக்கல் தொடங்கியது.

எங்கள் பகுதிக்குத் தரை உயரம் கிடைக்கிறது. 2000 பெப்ரவரியில் அமெரிக்காவின் எண்டெவர் விண்கலம் 11 நாள் பூமியைச் சுற்றி ராடாரால் அளந்தது ஒன்று, 2011 க்குப் பிறகு ஜேர்மன் செய்மதிகள் இரண்டு சேர்ந்து அளந்ததை ஐரோப்பியர்கள் வெளியிட்டது இன்னொன்று. இரண்டுமே ஏறத்தாழ 30 மீற்றருக்கு ஒரு புள்ளி, இரண்டும் இலவசம். ஆனால் ராடார் தண்ணீருக்குள் போகாது. மேற்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும், அதுவும் தண்ணீரில் ஒழுங்காகத் திரும்பாது, அதனால் தரவைத் துப்புரவாக்கும்போது ஏரி குளம் எல்லாவற்றையும் ஒரே மட்டமாகத் தட்டி வைத்துவிடுகிறார்கள். வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்லாறு தாண்டியும் எங்கள் வாவி அந்தத் தரவில் ஒரு மொட்டைத் தட்டு. தரையிலும் ஒரு பொய் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ராடார் தென்னை மரத்தின் தலையையும் வீட்டுக் கூரையையும் தரை என்று எடுத்துக்கொள்கிறது. கல்லடியிலிருந்து களுவாஞ்சிகுடி வரை கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற ஒடுக்கமான மணல் நிலம் முழுக்கத் தென்னையும் வீடும்தானே, அது உள்ளதைவிட மீற்றர் கணக்கில் உயரமாகத் தெரியும். 2004 டிசம்பர் 26 இல் கடல் எவ்வளவு தூரம் உள்ளே வந்தது என்று கண்ட ஊர் இது, அந்த உயரத்தை நம்பி யாரும் படம் வரையக்கூடாது.

செய்மதியால் ஆழம் பார்க்கவே முடியாதா என்று கேட்பீர்கள். முடியும், பவளப்பாறைக் கடல் மாதிரித் தெளிந்த தண்ணீராக இருந்தால். 2018 இல் நாசா விட்ட ஐஸ்சாற்-2 என்ற செய்மதி பச்சை லேசரை அடித்துத் தண்ணீரின் அடியிலிருந்து திரும்புகிற ஒளியைப் பிடிக்கிறது. எங்கள் வாவியில் முழங்கை வரை கையை விட்டுப் பாருங்கள், விரல் தெரிகிறதா என்று. பச்சை லேசருக்கும் அதே கதைதான்.

அப்படியானால் இணையத்தில் விற்கிற அந்த அழகான பலகை ஏரிகள் எல்லாம் எங்கிருந்து வருகின்றன? அமெரிக்காவின் பெரிய ஏரிகளுக்கு அந்த நாட்டுக் கடல்சார் நிறுவனமான நோவா ஆழத்தரவு வெளியிடுகிறது. மினசோட்டா மாநிலம் தன்னுடைய ஏரிகளுக்கு ஆழக்கோடு போட்ட படங்களைத் தூண்டில் போடுகிறவர்களுக்காகவே வெளியிடுகிறது. அளந்த ஏரிகள் அவை. அளக்காத ஏரிக்குக் கேட்டாலும் ஒரு பலகை கிடைக்கும், அதுதான் எனக்குக் கோபம். கரையிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு ஆழம் என்று கணினியிடம் சொன்னால் அது கரையின் வடிவத்தையே உள்ளுக்குள் சின்னதாக்கிச் சின்னதாக்கிப் படி படியாக வரைந்து தந்துவிடும், பார்க்க நிஜம் மாதிரியே இருக்கும். உலகத்து ஏரிகளுக்கெல்லாம் ஆழம் தருகிறோம் என்கிற சில தரவுத்தொகுப்புகளும் இப்படிக் கரைத்தூரத்தை வைத்து ஊகித்தவைதான், அதை அவர்களே எழுதியும் வைத்திருக்கிறார்கள், வாங்குகிறவர் வாசிப்பதில்லை. மச்சானுக்கு அப்படி ஒன்றை வெட்டி அனுப்பியிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது, சந்தோஷமாக மாட்டியிருப்பார். ஆனால் வாவியில் தோணி விடுகிற ஒரு மனுசன் வந்து பார்த்தால் சிரிப்பான். நடுவில்தான் ஆழம் என்று யார் சொன்னது? பாலத்தடியில் தூணைச் சுற்றித் தண்ணீர் இழுத்துத் தோண்டும், வாவிக்குக் குறுக்கே போகிற தாம்போதி வீதியின் ஓரத்தில் மண் படிந்து மேடாகும், ஆறு வந்து விழுகிற இடத்தில் வெள்ளம் கொண்டுவந்த சேறு விசிறிக் கிடக்கும். இதெல்லாம் கரைத்தூரக் கணக்கில் வராது.

கரை என்பதே ஒரு கேள்விதான். ஆகஸ்டில் எடுத்த செய்மதிப் படத்தில் ஒரு கரை, ஜனவரியில் எடுத்ததில் இன்னொரு கரை, வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் தாழ்ந்த வயல் வட்டைகளில் வயல் எது வாவி எது என்றே தெரியாது. எந்த மாதத்துக் கரை என்று எழுதாமல் வெட்டுகிற வரைபடம் அரை வரைபடம்.

இதில் குளங்களுக்கு எங்கள் வாவியைவிட நல்ல காலம். மாதிரிக்கு அம்பாறை சேனாநாயக்க சமுத்திரத்தை எடுப்போம். 1949 இல் கல்லோயாத் திட்டம் தொடங்கி, மொறிசன் நூட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி இங்கினியாகலவில் அணை கட்டியது. கொள்ளளவு 7 இலட்சத்து 70 ஆயிரம் ஏக்கர் அடி என்று சொல்வார்கள், ஓர் ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நிற்கிற தண்ணீர்தான் ஓர் ஏக்கர் அடி. அந்த எண் எப்படி வருகிறது என்று யோசித்தால், இந்த மாதிரி வரைபடம் செய்கிறவனுக்கு ஒரு புல்லரிப்பு வரும். தண்ணீர் நிரம்புவதற்கு முன்னமே அந்தப் பள்ளத்தாக்கை அளந்து சமவுயரக் கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் அடங்குகிற பரப்பைக் கணக்கிட்டு, இரண்டு கோட்டுக்கு நடுவில் உள்ள உயரத்தால் பெருக்கி, அடுக்கடுக்காகக் கூட்டுவதுதான் நீர்த்தேக்கக் கொள்ளளவுக் கணக்கு. நான் பலகையில் செய்வதை அவர்கள் கடதாசியில் செய்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். கல்லோயா தேசியப் பூங்காவுக்குப் போய்ப் படகில் இருந்தபடி யானை தீவுக்குத் தீவு நீந்துவதைப் படம் பிடிக்கிறோமே, அந்தத் தீவுகள் எல்லாம் ஒரு காலத்தில் குன்றுகளின் தலை. பழைய கோடுகளைப் பலகையில் வெட்டி வைத்தால் யானை எந்தக் குன்றிலிருந்து எந்தக் குன்றுக்கு, எந்தப் பள்ளத்தைத் தாண்டிப் போகிறது என்று பிள்ளைகள் விரலால் போய்ப் பார்க்கலாம்.

குளத்துக்கு இன்னொரு வழியும் இருக்கிறது, இதைப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் யாராவது எடுத்துச் செய்ய வேண்டும். உன்னிச்சை, நவகிரி, கொண்டவட்டுவான் எதுவாக இருந்தாலும் சிறுபோகம் முடியும்போது தண்ணீர் இறங்கிக் குளத்தின் பெரிய பாகம் வெளியே வந்துவிடும். 2015 இலிருந்து ஐரோப்பாவின் சென்ரினல்-2 செய்மதிகள் நாட்கணக்கு இடைவெளியில் 10 மீற்றர் துல்லியத்தில் படம் எடுக்கின்றன. ஒவ்வொரு படத்திலும் தண்ணீர் ஓரத்தைக் கோடாகப் பிடித்து, அன்றைக்கு அணைக்கட்டில் உள்ள அளவுப்பலகை எத்தனை அடி காட்டியது என்று நீர்ப்பாசனத் திணைக்களக் குறிப்பில் பார்த்து எழுதினால், அந்தக் கோடே சமவுயரக் கோடு. தண்ணீர் இறங்க இறங்கக் குளமே தன் படத்தைத் தானே வரைந்து தருகிறது. தோணி வேண்டாம், கருவி வேண்டாம். கடைசிவரை வற்றாத நடுப்பாகம் மட்டும்தான் மிஞ்சும். பழைய கொள்ளளவோடு ஒப்பிட்டால் எவ்வளவு மண் நிரம்பியிருக்கிறது என்றும் தெரியும். தண்ணீர் திறக்கிற கூட்டத்தில் விவசாய அமைப்புகளுக்கும் அதிகாரிகளுக்கும் வருகிற வாக்குவாதத்தில் பாதி அதைப் பற்றியதுதானே.

வாவிக்கு இந்த வழி சரிவராது. நீர்மட்டம் அந்த அளவுக்கு இறங்குவதில்லை. இறங்கி அளக்கத்தான் வேண்டும்.

ஆனால் அது மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. வாவியின் பரப்பு 140 சதுர கிலோமீற்றர் அளவு என்று வையுங்கள். 250 மீற்றருக்கு ஒரு கோடாகக் கரைக்குக் கரை குறுக்கே ஓடினால் மொத்த ஓட்டம் 560 கிலோமீற்றர். தோணி மணிக்கு 6 கிலோமீற்றர் போனால் 93 மணித்தியாலம் சொச்சம். ஏறாவூர், மட்டக்களப்பு, ஆரையம்பதி, கொக்கட்டிச்சோலை, களுவாஞ்சிகுடி, கல்லாறு என்று ஊருக்கு ஒரு தோணி பிரித்துக் கொடுத்தால் இரண்டு மூன்று நாள் காலை வேலை. மீன் தேடுகிற சின்ன எதிரொலிக் கருவிகள் இப்போது ஒரு நல்ல போனின் விலைக்குள் கிடைக்கின்றன. தண்ணீரில் ஒலி செக்கனுக்கு 1500 மீற்றர் அளவில் போகும், போய்த் திரும்புகிற நேரத்தை வைத்து ஆழம் சொல்லும். உப்பும் சூடும் மாறினால் அந்த வேகம் கொஞ்சம் மாறும், ஆயிரம் மீற்றர் கடலில் அது பெரிய விஷயம், எங்கள் இரண்டு மீற்றர் தண்ணீரில் அதைப் பற்றிக் கவலைப்படவே தேவையில்லை. கவலைப்பட வேண்டியது பாசியும் நீர்த்தாவரமும்தான், அதன் தலையில் பட்டுத் திரும்பி ஆழம் குறைவு என்று சொல்லிவிடும். இடுப்பளவு தண்ணீருக்கும் குறைந்த இடத்தில் கருவியை நம்பாமல் அளவு போட்ட கம்பை ஊன்றுவது நல்லது. தோணிக்காரர் எப்படியும் கம்பு ஊன்றித்தான் போகிறார்கள், அந்தக் கம்பில் பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒரு வளையம் பெயின்ற் அடித்தால் அதுவே கருவி.

இதில் எல்லோரும் கோட்டை விடுகிற இடம் ஒன்று இருக்கிறது, நீர்மட்டம். செவ்வாய்க்கிழமை ஒன்றரை மீற்றர் என்று அளந்த இடம் முகத்துவாரம் திறந்தபின் சனிக்கிழமை ஒரு மீற்றராக இருக்கும், அடி அப்படியே இருக்க மேல்தான் இறங்கியிருக்கும். போனில் இருக்கிற ஜிபிஎஸ் இடத்தைச் சரியாகச் சொல்லும், உயரத்தை மீற்றர் கணக்கில் மாற்றி மாற்றிச் சொல்லும், அந்த உயரத்தைக் கணக்கில் எடுக்கவே கூடாது. அதனால் அளக்கிற நாட்களில் கல்லடிப் பாலம், வலையிறவு, மண்முனை, பட்டிருப்பு என்று பாலத்துக்குப் பாலம் ஓர் அளவுப்பலகை கட்டி மணிக்கு ஒருமுறை யாராவது வாசித்து எழுத வேண்டும், நில அளவைத் திணைக்களம் அந்தப் பலகைகளின் பூச்சியத்தைக் கடல்மட்டத்தோடு ஒருமுறை பொருத்தித் தர வேண்டும். ஒன்று போதாதா என்றால் போதாது. 56 கிலோமீற்றர் தண்ணீர் காற்றடித்தாலே ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கும். 1800 இல் தொடங்கிய திணைக்களம் அது, இந்தத் தீவில் அவர்கள் அளக்காத வேலி இல்லை, இதைச் செய்து தருவது அவர்களுக்குப் பெரிய வேலையா?

அப்புறம், ஏற்கெனவே அளந்தவை இருக்க வேண்டும் என்றும் நினைக்கிறேன். மண்முனைப் பாலம் 2014 இல் திறந்தார்கள், கல்லடியில் 1924 ஆம் ஆண்டின் பழைய பாலத்துக்குப் பக்கத்தில் புதிய பாலம் 2013 இல் வந்தது, அடி ஆழம் பார்க்காமல் யாரும் தூண் இறக்கியிருக்க மாட்டார்கள். அந்தத் தாள்கள் எங்கோ ஒரு கோப்பில் இருக்கின்றன. நான் ஓர் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன், பெயர் வேண்டாம். இது ஏன் உங்களுக்கு, எந்த நிறுவனம், கடிதத்தலைப்பு இருக்கிறதா என்று கேட்டார்கள், பெயர்ப்பலகைக் கடை என்றதும் சிரித்துவிட்டு அடுத்த மேசைக்கு அனுப்பினார்கள், அடுத்த மேசை அடுத்த அலுவலகத்துக்கு அனுப்பியது. 2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போடலாம்தான், போடவும் போகிறேன். ஆனால் ஓர் ஏரியின் ஆழத்தை ஒரு குடிமகன் சட்டம் காட்டி வாங்க வேண்டிய அளவுக்கு அதில் என்ன இரகசியம் இருக்கிறது என்று விளங்கவில்லை. சூரிச் ஏரிக்கு என்னிடம் யாரும் கடிதத்தலைப்புக் கேட்கவில்லை.

இரகசியம் என்று ஒரே ஒரு பக்கத்திலிருந்து சொன்னால் ஒத்துக்கொள்வேன், மீனவர்களிடமிருந்து. எங்கள் ஊர் மீனவர் ஒருவரிடம் இதைக் கதைத்தபோது அவர் சொன்னது என்னை யோசிக்க வைத்தது. "தம்பி, எந்த மடுவுல மீன் நிக்குது எண்டு எனக்கும் என்ட மகனுக்கும்தான் தெரியும். நீ அதைப் பலகையில வெட்டி ரவுணுக்க வச்சா, நாளைக்குத் தடை செஞ்ச வலையோட வாறவனுக்கு நீயே வழி காட்டின மாதிரி." நியாயமான பயம். இதற்கு வெளியே ஒரு நடைமுறை இருக்கிறது. தாய்லாந்திலும் பிலிப்பைன்ஸிலும் 1980களின் கடைசி தொடங்கி ஊர்ச்சனங்களே அட்டையைச் சமவுயரக் கோட்டில் வெட்டி அடுக்கித் தங்கள் காட்டையும் கரையையும் முப்பரிமாணத்தில் செய்து, அதன் மேல் ஊசியும் நூலும் பெயின்றும் கொண்டு தங்களுக்குத் தெரிந்ததைக் குறிக்கிறார்கள். எதைக் குறிப்பது, எதைக் குறிக்காமல் விடுவது, பார்த்தபின் எதை எடுத்துவிடுவது என்பது ஊரின் முடிவு. எங்களுக்கும் அதேதான் சரி. அரை மீற்றர் அடுக்கில் வெட்டுகிற வரைபடத்தில் பத்து மீற்றர் அகலமுள்ள ஒரு மடு எப்படியும் தெரியாது, தெரிகிற இடத்திலும் மீனவர் சங்கம் வேண்டாம் என்றால் வழித்துவிடலாம். தோணிக்காரரைக் கூலிக்குப் பிடித்து ஓடவிட்டு, அளந்ததைக் கொண்டுபோய்க் கொழும்பில் பூட்டி வைப்பது என்றால் அதற்கு நான் முதல் எதிர்ப்பு.

சரி, அளந்தாயிற்று என்று வைப்போம். எவ்வளவு பெரிதாகச் செய்வது? ஒன்றுக்கு 50,000 என்ற அளவுத்திட்டத்தில் வாவி 112 சென்ரிமீற்றர் வரும், ஒரு மேசைக்குள் அடங்கும். ஆனால் ஆழம்? ஆழமான இடத்துக்கு 4 மீற்றர் வைத்தால், அதே அளவுத்திட்டத்தில் அது மில்லிமீற்றரில் பன்னிரண்டில் ஒரு பங்கு, போட்டோக் கொப்பி எடுக்கிற தாளின் தடிப்புக்கும் குறைவு. எங்கள் வாவி உண்மையில் அவ்வளவு தட்டையானது, கதை கதையாகச் சொல்கிறோமே தவிர. அதனால் ஆழத்தை மட்டும் பெருப்பிக்க வேண்டும். அரை மீற்றருக்கு ஒரு 3 மில்லிமீற்றர் பலகை என்று வைத்தால் எட்டுப் பலகை, 24 மில்லிமீற்றர், கைக்குத் தட்டுப்படும். அப்படியானால் ஆழத்தை 300 மடங்கு பெருப்பித்திருக்கிறோம் என்று அர்த்தம். இதை வரைபடத்தின் முகப்பிலேயே பெரிய எழுத்தில் எழுத வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் வாவிக்கரை எல்லாம் மலைப்பாறை மாதிரிச் செங்குத்தாக இறங்குகிறது என்று நினைத்துவிடும். இந்தக் கணக்கில் குடும்பிமலையையும் வைக்கப் போனால் 500 மீற்றர் தாண்டிய அந்த மலை மேசைக்கு மேலே பத்தடிக்கு நிற்கும், கூரையைப் பிரித்துக்கொண்டு போகும். அதனால் தரையை ஒரு ஐந்து மீற்றர் உயரத்தோடு வெட்டி நிறுத்திவிட வேண்டியதுதான். வெள்ளத்துக்கு அந்த ஐந்து மீற்றர் போதும். அந்த ஐந்து மீற்றருக்குச் செய்மதித் தரவு உதவாது என்று மேலே சொன்னேன், வீதி, வரம்பு, தாம்போதி உயரங்களை நில அளவைக்காரர்தான் தர வேண்டும்.

முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் செய்யலாமே என்று இளம் ஆட்கள் கேட்பார்கள். செய்யலாம், 22 சென்ரிமீற்றர்த் தட்டுள்ள சாதாரண இயந்திரத்தில் ஆறு துண்டாக அடித்துப் பொருத்த வேண்டும். ஆனால் வழமையாக அடிக்கிற பிஎல்ஏ பிளாஸ்ரிக் 60 பாகையில் இளகத் தொடங்கும், மட்டக்களப்பு வெயிலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் சித்திரை மாதம் தாங்காது. மரத்தூளை அழுத்திச் செய்கிற எம்.டி.எப் பலகை மாரியில் ஊதும், மற்றப் பலகைக்குக் கறையான். வீட்டுச் சுவருக்கு எதுவும் சரி, பொது இடத்துக்கு நான் சொல்வது வேறு. ஒன்றுக்கு 10,000 என்று எடுத்தால் நீளம் 5.6 மீற்றர், அகலம் ஒரு மீற்றர் அளவில் இரண்டு கரையும் சேர்ந்து வரும். உயரத்தை ஒன்றுக்கு 50 என்று வைத்தால் 4 மீற்றர் ஆழம் 8 சென்ரிமீற்றர். பலகையில் அச்சு வெட்டிச் சீமெந்திலோ பைபரிலோ வார்த்துவிட்டால் தண்ணீர் ஊற்றலாம். அரை மீற்றர் மட்டம் ஏறுவது ஒரு சென்ரிமீற்றர் தண்ணீர், கண்ணுக்குத் தெரியும்.

தண்ணீர் ஊற்றுவது விளையாட்டுக்கு இல்லை. ஒவ்வொரு மாரியிலும் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கூட்டம் கூடும். படுவான்கரை விவசாயி, என் வட்டை மூழ்குகிறது, இன்றைக்கே வெட்டுங்கள் என்பார். மீனவர், இப்போது வெட்டினால் இறாலும் மீன்குஞ்சும் கடலோடு போய்விடும் என்பார். இரண்டு பேருமே தங்கள் ஊரில் நின்றுகொண்டுதான் வாவியைப் பார்க்கிறார்கள், அதிகாரி மேசையில் இருக்கிற படமோ நீலமாக ஒரு பட்டை, அதில் மட்டமும் இல்லை ஆழமும் இல்லை. மேசையில் இப்படி ஒன்று இருந்து, இந்த மட்டத்துக்கு ஊற்றினால் எந்த வட்டை, எந்த வீதி, எந்தப் பள்ளிக்கூட வளவு மூழ்குகிறது என்று எல்லோரும் ஒன்றாகப் பார்த்தால் வாக்குவாதம் முடியும் என்று நான் சொல்லவில்லை, ஆனால் ஒரே விஷயத்தைப் பற்றி வாக்குவாதப்படுவார்கள். 2024 நவம்பர் கடைசியில் அம்பாறை மாவட்டத்தில் காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரத்தோடு மதரசாப் பிள்ளைகளை வெள்ளம் இழுத்துப் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். வீதியில் எந்த இடம் தாழ்வு என்று ஊர்க்காரருக்குத் தெரியும், வெளியூரிலிருந்து வருகிறவருக்கு எங்கே பார்ப்பது? ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இப்படி ஆழத்தை மட்டும் பெருப்பித்த உருவில் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடும், முகத்துவாரத்தை வெட்டினால் எத்தனை நாளில் வடியும் என்றெல்லாம் பார்க்க முடியாது. மட்டம் மட்டும்தான் உண்மை, ஓட்டம் பொய். அதைப் பொறியியலாளர்கள் கணினியில் பார்க்கட்டும், அவர்களுக்கும் இதே அடித்தரவு தேவை.

இவ்வளவும் சொல்கிறேன், இது புதுப் பைத்தியமும் இல்லை. சுவிஸில் லூசேர்ன் நகரத்தில், ஓய்வுபெற்ற படைத்தளபதி லுட்விக் பிபைபர் 1762 தொடக்கம் 1786 வரை உட்கார்ந்து, மரம், சாந்து, தேன்மெழுகு கொண்டு மத்திய சுவிஸின் மலைகளையும் ஏரிகளையும் ஏறத்தாழ 26 சதுர மீற்றரில் செய்து வைத்தது இன்றைக்கும் காட்சிக்கு இருக்கிறது. அவரிடம் செய்மதி இல்லை. நடந்து அளந்தார்.

ஆகவே கேட்பது இதுதான். பாலம் கட்டவும் வேறு வேலைகளுக்கும் வாவியின் அடியை அளந்த அலுவலகங்கள் அந்தத் தரவை வெளியிட வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழக, தென்கிழக்குப் பல்கலைக்கழகப் புவியியல் மாணவர்கள் அளவையையும் கணக்கையும் பொறுப்பெடுக்க வேண்டும், ஒருவர் வாவிக்கு, ஒருவர் அம்பாறைக் குளங்களுக்கு என்று பிரித்தாலும் நல்லது. மீனவர் சங்கங்கள் தோணி தர வேண்டும், அதற்குக் கூலி கொடுக்க வேண்டும், இலவசமாகக் கேட்கக்கூடாது. எந்த இடத்தில் வைப்பது என்று மாநகர சபை யோசிக்கட்டும், கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டும் வேண்டாம், விழிப்புலன் இல்லாத பிள்ளைகளும் வந்து தடவ வேண்டும். ஊர்ப் பெயர்களை மூன்று மொழியிலும் எழுதும்போது பிரெய்லியிலும் ஒருமுறை பதித்துவிடலாம்.

வெட்டுகிற வேலை முழுவதும் என் இயந்திரத்தில், கூலி இல்லாமல். பலகைக்கு மட்டும் யாராவது வழி பார்க்க வேண்டும். அளக்க நல்ல காலம் மாசி, மழை விட்டிருக்கும், தண்ணீர் இன்னும் நிறைய நிற்பதால் தோணி கரையோரம் வரை போகும், காலையில் காற்றும் குறைவு. தோணி தரக்கூடிய சங்கங்களோ கணக்குப் பார்க்கக்கூடிய பிள்ளைகளோ இருந்தால் உங்கள் பத்திரிகைக்கு எழுதட்டும், ஆசிரியர் என்னிடம் சேர்ப்பிப்பார் என்று நம்புகிறேன். அளவுக்கம்புகளுக்குப் பெயின்ற் அடிக்கிறதை நான் இந்தக் கிழமையே தொடங்குகிறேன், எத்தனை வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும்.

இங்ஙனம்,
பெயர்ப்பலகைக் கடைக்காரர் ஒருவர்,
ஆரையம்பதி.